மிச்ச வாத்தியார்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் சில காலம் குடியிருந்த கணக்கு வாத்தியாருக்கு ஆரணிக்காரர்கள் வைத்த பெயர் மிச்ச வாத்தியார். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் கோட்டையிலிருந்து சேவூர் வரை ஒருவருக்கும் தெரியாது. "மிச்ச வாத்தியார் வூடு எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கைகாட்டும்.

எதற்கெடுத்தாலும் 'மிச்சம் இருக்கும்' என்பார். அதனால் வந்த பெயர்.

என் வீட்டுக்காரரும் அவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். இவர் தமிழ், அவர் கணக்கு. நான் அதே மிஷனின் பெண்பிள்ளைகள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் தலைமை வாத்தியாரோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்து, இனி அந்த ஆளின் முகத்தில் விழிப்பதில்லை என்று குதித்தார். வாத்தியார் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"குதிங்க, நல்லா குதிங்க. இன்னிக்கு இருக்கிற கோபத்திலே நாளைக்குப் பாதிதான் இருக்கும். நாளன்னிக்கு அதிலே பாதி. ஆனா முழுசாப் போவாது, கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை வெச்சிகினே அவரோட பழகலாம், ஒண்ணும் கெட்டுப் போவாது."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமை வாத்தியாரிடம் அவருக்கு இருந்த கோபம் அதற்குப் பிறகும் முழுதாகப் போகவில்லை என்பதும் உண்மைதான்.

வாத்தியாருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஒட்டடைக்கம்பு போல் உயரம். கறுப்பு அல்பாக்கா கோட்டு ஒன்று வைத்திருந்தார். அதன் கிழிசல்களைத் தாமே தைத்துக்கொள்வார். தையல்கள் கோணல்மாணலாக ஓடும். தோளில் ஒரு மூங்கில் குழாய் கயிறு கட்டித் தொங்கும். அதற்குள் துணி சுற்றி ஓர் உஷ்ணமானி இருந்தது. ஊரைவிட்டுப் போன யாரோ ஒரு துரையின் சாமான்கள் வேலூரில் ஏலம் போனபோது அதை வாங்கினாராம். ஒரு மாதச் சம்பளம் அதிலேயே போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். ஊரார் அதைக் கண்ணாடிக் குச்சி என்பார்கள்.

காலையில் கஞ்சிச் சட்டி இறங்கியதும் அதன் முன்னால் குந்திக்கொள்வார். கண்ணாடிக் குச்சியைக் கஞ்சியில் நிறுத்தி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் பார்த்துப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதுவார். என் சுவர் முழுக்க எண்கள். வெள்ளையடித்த மறுநாளே மறுபடியும் எண்கள்.

"இதுல இன்னாண்ணே இருக்கு? சூடா இருந்தது ஆறுது, அவ்வளவுதானே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எப்படி ஆறுதுன்றதுதான் தங்கச்சி சங்கதி" என்றார். "ஒவ்வொரு நாழிக்கும் இவ்வளவுன்னு ஒரே அளவா இறங்கறதில்லே. காத்தோட சூட்டைவிடக் கஞ்சி எவ்வளவு அதிகமோ, அந்த அதிகத்திலே ஒரு பங்கு போவுது. அடுத்த நாழி, மிச்சம் இருக்கிறதிலே அதே பங்கு. அதுக்கடுத்து, அதிலே மிச்சம் இருக்கிறதிலே. அதான் முதல்லே ஜல்தியா இறங்குது, அப்பால ஊர்ந்துகினு போவுது."

"கடைசியிலே ஆறிப்போவுதில்லே?"

"கணக்குப்படி ஆறவே ஆறாது. ஒரு துளி மிச்சம் இருந்துகினே இருக்கும்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "அப்போ முந்தாநாள் வெச்ச கஞ்சியிலேயும் சூடு மிச்சமா?"

"இருக்கும். அதை அளக்கிற மாதிரி கருவிதான் என்கிட்டே இல்லே."

இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

இந்தக் கஞ்சிப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தேசூர்ப் பக்கம் ஒரு குக்கிராமம் அவருடைய ஊர். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கடைசியில் இவரையும் ஒரு தம்பியையும் யாரோ கஞ்சித் தொட்டி வைத்திருந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார்களாம்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்துவாங்க தங்கச்சி. பசிக்கு அப்படியே வாயிலே ஊத்திக்குவாங்க சனங்க. வாயெல்லாம் வெந்துபோய் அப்புறம் ரெண்டு நாளைக்கு எதையும் முழுங்க முடியாது. அதுலயே சில பேரு போயிட்டாங்க. நான் தம்பி கையைப் பிடிச்சிகினு, 'இருடா, ஆறட்டும்டா'ன்னு எண்ணிகினே இருப்பேன். எவ்வளவு எண்ணினா குடிக்கலாம்னு தினமும் பாப்பேன். முதல்லே ஆவி அப்படிப் பறக்கும். அப்பால ஆறவே மாட்டேங்கும். அந்தக் கடைசி நேரம்தான் தாங்காது."

தம்பி என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அவன் பேதியிலே போயிட்டான். எங்க வூட்டிலே நான்தான் மிச்சம்."

அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் ஏதோ எழுதினார். அன்றிலிருந்து சுவரைப் பற்றி நான் அவரிடம் முணுமுணுத்ததில்லை.

அவர் எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் சவுகார்.

சவுகார் ஊரில் பெரிய புள்ளி. பெங்களூரிலிருந்து கச்சாப் பட்டு தருவித்து நெசவாளிகளுக்குக் கடனாகக் கொடுப்பார். கடனுக்கு வட்டி, கட்டாத வட்டிக்கும் வட்டி. சேவூரில் குப்புசாமி என்று ஒரு நெசவாளி. அவன் ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷத்திலே அடைச்சிடலாம்னு நெனச்சேன் வாத்தியாரே. அப்பப்போ கொஞ்சம் கட்டிகினுதான் வரேன். அது பாட்டுக்கு ஏறிகினே போவுது. சவுகார் கணக்கிலே தப்பு ஏதாவது இருக்கான்னு பாத்து சொல்லுங்க."

வாத்தியார் பார்த்தார். தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு நான் மிளகாய் வாங்கப் போயிருந்தேன். ஓரிடத்தில் ஒரே கூட்டம். நடுவில் வாத்தியார் அல்பாக்கா கோட்டோடு தரையில் மண்டியிட்டு, புளியங்கொட்டைகளைக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு வரிசை: வாங்கினதுக்கு மட்டும் வட்டி. வலது பக்கம் இன்னொரு வரிசை: வட்டிக்கும் வட்டி. ஒவ்வொரு குவியலும் ஒரு வருஷம்.

"இந்த முதல் ரெண்டு குவியலையும் பாருங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இங்கதான் நாம ஏமாந்து போறோம். 'இன்னா பெரிய வித்தியாசம்'னு கைநாட்டு வெச்சிடறோம். அப்பால இந்தப் பக்கம் பாருங்க..."

இடது வரிசை படிக்கட்டு மாதிரி நிதானமாக ஏறியது. வலது வரிசை ஊதிக்கொண்டே போயிற்று. கடைசிக் குவியலுக்குக் கொட்டை போதவில்லை. பக்கத்தில் புளி விற்றுக்கொண்டிருந்த கிழவனிடம் ஒரு முறம் கொட்டை கடன் கேட்டார்.

"எடுத்துக்க வாத்தியாரே. இதுக்கு வட்டி உண்டா?" என்றான் கிழவன்.

சந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எதிரே பட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த சவுகாரின் காதில் விழுந்தது.

"கஞ்சி ஆறுறதும் கடன் ஏறுறதும் ஒரே கணக்குதான்" என்று வாத்தியார் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அது, இருக்கிறதிலே ஒரு பங்கை எடுத்துகினே போவுது. இது, இருக்கிறதிலே ஒரு பங்கைச் சேத்துகினே போவுது. ரெண்டும் நீங்க தூங்கினாலும் தூங்காது."

அந்த மாதம் சவுகாரிடம் பத்திரம் எழுத வந்தவர்கள் குறைந்துபோனார்கள். வாத்தியார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் சவுகாரிடம் கடன்பட்டவர். ஒரு நாள் மாலை வாத்தியார் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவருடைய தகரப்பெட்டியும் பாயும் தெருவில் இருந்தன. கண்ணாடிக் குச்சி தோளில் இருந்ததால் தப்பித்தது. என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டுப் போய்ப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சவுகாரைப் பகைச்சிகினு இந்த ஊர்லே இருக்க முடியுமா அண்ணே?" என்று எனக்குக் கவலை.

"அவருக்குக் கோபம். ஆறட்டும்" என்றார்.

ஆறுவதற்குள் வேறொன்று நடந்தது.

ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு ரயில் வந்த புதிது. அக்னி நட்சத்திரத்தில் ஊரெங்கும் ஜுரம். சவுகாருக்கு ஒரே பெண், அம்சா, பத்து வயது. அவளுக்கும் வந்தது. நாள் போகப் போக ஜுரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பெண் பிதற்ற ஆரம்பித்தாள். அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பட்டணமாக இருந்தால் தலையில் ஐஸ் வைப்போம். இங்கே நான் என்ன செய்வேன்? ஈரத்துணி போட்டுக்கொண்டே இருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார்.

சவுகார் அன்றே ஓர் ஆளைப் பட்டணத்துக்கு அனுப்பினார். கேட்ட காசு கொடுத்து வாங்கச் சொன்னார். அந்த ஆள் திரும்பி வந்து இறங்கியபோது அவன் கையில் ஒரு ஈரக் கோணி இருந்தது. அரக்கோணம் தாண்டுவதற்குள் எல்லாம் ஒழுகிப்போய்விட்டதாம்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் யாரோ நிற்பது தெரிந்து போய்ப் பார்த்தேன். சவுகார். செருப்பில்லை. மேல்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

வாத்தியாரைக் கூப்பிட்டேன். அவர் கையில் கரியோடு வந்தார்.

"வாத்தியாரே" என்றார் சவுகார். பிறகு, "ஐஸ் கொண்டாந்தா பொழைக்கும்னு டாக்டர் சொல்றாரு. இந்த ஊர்லே கணக்குப் பாத்து அதைச் செய்யத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்னு போஸ்ட்மாஸ்டர் சொல்றாரு."

நான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். தகரப்பெட்டி தெருவில் கிடந்த நாள் என் நினைவில்தான் வந்தது. அவர் நினைவில் வந்ததாகத் தெரியவில்லை.

"உங்க ஆளு எப்போ வாங்கினான்?"

"காலையிலே. பகல் வண்டியிலே வந்தான்."

"துண்டு துண்டா வாங்கினானா, ஒரே கட்டியா?"

"தூக்க வசதியா இருக்கட்டும்னு சின்னச் சின்னதா..."

"பகல் வண்டி தப்பு. சின்னத் துண்டு தப்பு. கோணி தப்பு" என்றார் வாத்தியார். "வெளியிலே எவ்வளவு சூடோ அதுக்குத் தக்கபடி உருகும். அதனாலே ராத்திரி வண்டியிலே வரணும். ஒரே பெரிய கட்டியா வரணும். பெட்டிக்குள்ளே பெட்டி, நடுவிலே மரத்தூள் அடைச்சி, மேலே கம்பளி சுத்தணும்."

சவுகார் திடுக்கிட்டார். "கம்பளியா? சூட்டிலே உருகிடாதா?"

"கம்பளி சூடு குடுக்காது சவுகார். உள்ளே இருக்கிறதை உள்ளேயும் வெளியே இருக்கிறதை வெளியேயும் நிறுத்தும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"மிச்சம் இருக்குமா வாத்தியாரே?"

அந்த வார்த்தையைச் சவுகார் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"இருக்கும்" என்றார் வாத்தியார். "ஒவ்வொரு நாழிக்கும் இருக்கிறதிலே ஒரு பங்கு போவும். கால் பாகமாவது வந்து சேரும்."

பட்டணத்தில் ரயில்வே சரக்கு ஆபீசில் அவரோடு படித்த சிநேகிதர் ஒருவர் வேலையில் இருந்தார். அவருக்கு நீளமாக ஒரு தந்தி போயிற்று. அந்தக் காலத்தில் அவ்வளவு நீளத் தந்தியை யாரும் கண்டதில்லை. இன்று ஒரு பெட்டி, நாளை ஒன்று, மறுநாள் ஒன்று என்று முதலிலேயே மூன்றுக்குச் சொல்லிவிட்டார். காட்பாடியில் அகலத் தண்டவாள வண்டியிலிருந்து சின்னத் தண்டவாள வண்டிக்குப் பெட்டியை மாற்ற வேண்டும். அங்கே வெயிலில் போட்டுவிடுவார்கள் என்று தாமே காட்பாடிக்குப் புறப்பட்டார்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் சவுகாரின் வில்வண்டி ஊருக்குள் வந்தது. வண்டிமேல் ஈர வைக்கோல். தெருவின் இரண்டு பக்கமும் சனம். என்னைச் சவுகார் வீட்டம்மாள் அதிகாலையிலேயே துணைக்கு அழைத்திருந்தாள்; பெண்ணின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். காட்பாடியில் ஒரு குமாஸ்தா உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டச் சொன்னானாம். இவர் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னை வேணும்னா திறந்து பாரு" என்றாராம்.

பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் அடியிலிருந்து தண்ணீர் ஓடியது. சவுகாரின் முகம் செத்துப்போயிற்று. மூடியைத் திறந்தால் நனைந்த மரத்தூள்தான். வாத்தியார் கோட்டுக் கையை மடித்துவிட்டு முழங்கைவரை உள்ளே விட்டார். துழாவினார். நின்றார். மெதுவாக வெளியே எடுத்தார்.

தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. மரத்தூள் ஒட்டியிருந்த இடங்கள் போக மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கிருந்தவர்களில் ஐஸைக் கண்டவர்கள் இரண்டு பேர்கூட இருந்திருக்கமாட்டார்கள். சவுகார் விரலால் தொட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது!" என்றார்.

அவர் சம்சாரமும் தொட்டுப் பார்த்து, "ஆமா, சுடுது" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள்.

அதை உடைத்துத் துணியில் கட்டிப் பெண்ணின் நெற்றியில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அவளுடைய பிதற்றல் நின்றது. கண்ணைத் திறந்து, "அம்மா, யாரு என் தலைமேலே கிணத்தை வெச்சது?" என்று கேட்டாள். கூடம் முழுக்க அழுகையும் சிரிப்புமாக ஆனது.

சந்தோஷப்படாத ஆள் ஒருவர்தான். வாத்தியார் தூணில் சாய்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே?"

"கால் பாகம்னு சொன்னேன். இது கால் பாகம் இல்லே தங்கச்சி. காட்பாடியிலே பெட்டி நின்ன நேரத்தைச் சேக்காம வுட்டுட்டேன். கணக்கு தப்பு."

இரண்டாம் நாள் பெட்டியில் எவ்வளவு மிச்சம் வரும் என்று முன்கூட்டியே திருத்திச் சொன்னார். ஏறக்குறைய அவர் சொன்ன அளவே வந்தது. மூன்றாம் நாள் கட்டியில் பாதிக்குத் தேவையே இருக்கவில்லை. ஜுரம் இறங்கிவிட்டது. தெருக் குழந்தைகள் ஆளுக்கொரு சில்லு வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவரோ, "ஜுரம் தானாவும் இறங்கியிருக்கும். யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக் கொண்டாட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

சவுகார் வெள்ளித் தட்டில் பட்டு வேட்டியும் பணமும் வைத்துக்கொண்டு வந்தார். வாத்தியார் வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வேற இன்னா வேணும், சொல்லுங்க. கேட்டதைச் செய்யறேன்" என்றார் சவுகார்.

குப்புசாமியின் கடனைத் தள்ளச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தாராம்.

"அம்சாவை இந்தத் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. கணக்குப் படிக்கட்டும்" என்றார் வாத்தியார்.

சவுகார் வெகுநேரம் யோசித்தார். பணம் கேட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். "வேதப் பாடம் கூடாது. கணக்கு மட்டும்" என்றார் கடைசியில். அப்படியே நடந்தது. வேதப் பாடம் நடக்கும்போது அம்சா வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்தே பைபிள் கதைகளை எல்லாம் உள்ளே இருந்தவர்களைவிட நன்றாகக் கேட்டுவைத்திருந்தாள்.

சவுகார் மாறிவிட்டார் என்று யாராவது நினைத்திருந்தால் அது இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. குப்புசாமியின் தறியை ஜப்தி செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு காஞ்சிபுரத்துக்குக் கூலிக்கு நெய்யப் போய்விட்டான். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே, உங்க சவுகாரோட யோக்கியதையை! இந்த ஆளுக்குப் போய் ஐஸ் கொண்டாந்து குடுத்தீங்களே!"

"நான் சவுகாருக்குக் கொண்டாரலே தங்கச்சி. பொண்ணுக்குக் கொண்டாந்தேன்" என்றார். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை. சட்டி அப்படியே இருந்தது. கண்ணாடிக் குச்சியையும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் மிஷனார் அவரைத் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே கல்யாணம் செய்துகொண்டதாகவும் பிள்ளைகள் பிறந்ததாகவும் கேள்விப்பட்டோம்.

சில வருஷங்களுக்குப் பின், ஒரு காரியமாக வேலூருக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு பகல் பொழுதுக்கு ஆரணியில் இறங்கினார். காதோரம் நரைத்திருந்தது. சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். ஜட்கா வண்டிக்கும் ஏற்பாடு செய்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அம்சாவைப் பற்றி விசாரித்தார்.

"நேரா வந்து பாருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் பள்ளியில் இருந்தார். என் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நானே அவரைக் கூட்டிப்போனேன்.

சவுகாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்குப் பட்டின் தரம் தெரியுமே தவிரக் கணக்கு வராது. பதினேழு பதினெட்டு வயதில் அம்சாதான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போனபோது அவள் எதிரில் நடுவயது நெசவாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்திரம் எழுதித் தயாராக இருந்தது. மைக்கூட்டைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். எங்களை அவள் கவனிக்கவில்லை.

"கேட்டுக்குங்கண்ணா. நடுவுலே ஒண்ணுமே கட்டாம வுட்டா, முதல் வருஷக் கடைசியிலே இவ்வளவு ஆவும்" என்று தொகையைச் சொன்னாள். "ரெண்டாம் வருஷம் இவ்வளவு. மூணாம் வருஷம் இவ்வளவு. நாலாம் வருஷக் கடைசியிலே நீங்க வாங்கினதுக்கு ரெண்டு மடங்கைத் தாண்டிடும். அஞ்சாம் வருஷம் சொல்லட்டுமா?"

"வேணாம்மா" என்றார் அவர்.

"சொல்லித்தான் ஆவணும். கேட்டாத்தான் கைநாட்டு வாங்குவேன்." ஐந்தாம் வருஷத்தையும் சொன்னாள்.

அந்த ஆள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு எழுந்தார். "வூட்லே ஒரு வார்த்தை கேட்டுகினு வரேம்மா" என்று சொல்லி எங்களைத் தாண்டி வெளியே போனார்.

அப்போதுதான் அம்சா நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து ஓடிவந்து வாத்தியாரின் காலைத் தொட்டாள்.

"வட்டிக்கு வட்டிதான் வாங்கறியாம்மா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க வாத்தியாரே. அப்பா நடத்தின மாதிரிதான். மறைக்கறது இல்லே, அவ்வளவுதான்."

"இப்படிப் படிச்சிக் காட்டினா எத்தினி பேரு வாங்குவாங்க?"

"பாதிப் பேரு எழுந்து போயிடறாங்க" என்றாள்.

கடை மூலையில் போட்டிருந்த கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சவுகார். பேச்சு குழறியது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பொண்ணைப் பொழைக்க வெச்சே" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வியாபாரத்தைக் கெடுத்துட்டே." முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தப் பக்கத்துக் கண்ணிலிருந்துதான் தண்ணீரும் வந்தது. வாத்தியார் அவருடைய மரத்துப்போன கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைக்கு அது தெரிந்திருக்காது.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தெருமுனையில் வேப்பமரத்தடியில் அந்த நெசவாளி வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க கணக்கு வாத்தியார்தானே? அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

"நெசம்தான். ஒரு பைசா பிசகு இல்லே."

"வாங்கினா அப்படி ஏறும். சரி, புரியுது." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வாங்காம வுட்டா தறிக்குப் பட்டு இல்லே. தறி ஓடலேன்னா இன்னா பண்றதுங்க?"

எங்கள் வீட்டு வாசலில் ஜட்காக்காரன் மணியடித்துக்கொண்டிருப்பது அங்கே வரை கேட்டது.

"உங்க வூடு எங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"சேவூருங்க."

"வாங்க, நடந்துகினே பேசலாம். எவ்வளவு பட்டு வேணும், எத்தினி பேருக்கு வேணும், உங்க தெருவிலே யாரெல்லாம் இருக்காங்க, எல்லாம் சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணா சேந்து வாங்கினா எப்படின்னு கணக்குப் பாப்போம்."

இரண்டு பேரும் சேவூர்ப் பாதையில் இறங்கி நடந்தார்கள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டே போனார். மகளும் நானும் வீட்டுக்கு வந்து ஜட்காக்காரனை அனுப்பிவிட்டோம். அன்று சாயங்கால ரயில் அவரை விட்டுவிட்டுத்தான் போயிற்று.